பின் நம்பர் வந்துருச்சு, வேல மட்டும் வல்லீங்களா? இங்கிலாந்துப் பக்கம் மொத ஆஸ்பத்திரி வேல புடிக்கறது எப்படின்னு நம்மூரு நர்ஸுங்களுக்கு

பாரியூர் நோம்பிக்கு லீவு போட்டு கோபிக்கு வந்து இன்னும் ஒரு வாரம் ஆகலீங்க, அதுக்குள்ள மூணு பொண்ணுங்க ஊட்டுக்கே தேடி வந்துட்டாங்க. ஒருத்தி மான்செஸ்டர்ல வீட்டுக்காரரோட இருக்கறவ, அவளும் லீவுக்கு வந்திருக்கா, ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கி 5 மாசமாச்சு, ஒரு ஆஸ்பத்திரிகூட கூப்பிடல. இன்னொருத்தி பெருந்துறையில ஐசியூல இருக்கா, போலாமா வேண்டாமான்னு யோசனை. மூணாவது புள்ளையோட அப்பா தோட்டத்துல அரை ஏக்கரா குடுத்துப்போட்டு ஏஜென்டுக்கு 12 லட்சம் கட்டலாம்னு இருக்காரு. மூணு பேருக்கும் சொன்னதையே சொல்லி தொண்டை கட்டிப்போச்சு, அதான் ஒட்டுக்கா எழுதிப்போடறேன்.

என்ற கதைய நாலு வரியில சொல்லிடறேன். பி.எஸ்சி. நர்ஸிங், ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 3 வருஷம் ஆம்பளைங்க மெடிக்கல் வார்டு, கல்யாணம், அவருக்கு கம்பெனியில லீட்ஸ்க்கு மாத்தல், நானும் டிபெண்டன்ட் விசாவுல கூடப் போனேன். பரீட்சை எல்லாம் எழுதி பின் நம்பர் வாங்குனேன், என்எம்சின்னு அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சில் குடுக்கற பதிவு நம்பர் அது. அப்பறம் பாத்தா 7 மாசம், 41 அப்ளிகேஷன், 2 இன்டர்வியூ, ரெண்டும் ஊத்திக்கிச்சு. அத்தை போன்ல "ஏம்மணி, அத்தன படிச்சுப்போட்டு அங்க சும்மாவா உக்காந்திருக்கற?"ன்னு கேப்பாங்க, பதிலே வராது. பொறவுதான் ஒண்ணு வெளங்குச்சு. பின் நம்பர் நீங்க நர்ஸுன்னு சொல்லும், அவ்வளவுதான். உங்கள நம்பி ராத்திரி ஒரு வார்ட விட்டுட்டுப் போலாமான்னு அது சொல்லாது, ஆஸ்பத்திரிக்காரங்க தேடறது அதத்தான்.

அதுக்கான சோலி இங்கயே, ஊர விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கோணும். மொத சோலி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். எனக்கு குடுத்தது ரெண்டே வரி, இவங்க எங்ககிட்ட ஸ்டாஃப் நர்ஸா இருந்தாங்க, நடத்தை நல்லதுன்னு. எந்த வார்டு, எத்தன பெட்டு, வாரத்துக்கு எத்தன மணி நேரம், ஒண்ணும் இல்ல. லீட்ஸ்ல இருந்து மெயில் போட்டா பதில் இல்ல, என்ற அப்பா கோபியில இருந்து பஸ் ஏறி மூணு தடவ போயிட்டு வந்தாரு, மொத தடவ ஹெச்ஆர் லீவு, ரெண்டாந்தடவ சூப்பிரண்டு சிஸ்டர் மாறிட்டாங்க, மூணாந்தடவ லெட்டர் வந்துச்சு ஆனா சேர்ந்த தேதி தப்பு, சம்பள ஸ்லிப்புல ஒண்ணு லெட்டர்ல ஒண்ணு. அதனால வேலைய விடறதுக்கு முன்னாடியே, நல்ல பேரோட இருக்கறப்பவே, நீங்களே டைப் பண்ணி எடுத்துட்டுப் போயி கையெழுத்து வாங்கிருங்க. சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, வார மணி நேரம், வார்டு, பெட்டு எண்ணிக்கை, செஞ்ச வேலைங்க, கையெழுத்துப் போட்டவங்க பேரு, ஆஸ்பத்திரியோட சொந்த மெயில் ஐடி. மெயில் ஐடி ரொம்ப முக்கியமுங்க, ஏன்னா அங்க ரெஃபரன்ஸ் கேக்கறவங்க சாதா ஜிமெயிலுக்கு அனுப்ப யோசிப்பாங்க, நம்மூரு சின்ன ஆஸ்பத்திரிங்கள்ல பாதி ஜிமெயில்லதான் ஓடுது. பாண்டுன்னு சொல்லி ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி பீரோவுல பூட்டி வெக்கற எடமா இருந்தா சேரறப்பவே ஜெராக்ஸ்தான் குடுப்பேன்னு சொல்லிப்போடுங்க.

அடுத்து பேரு. இது நம்ம தமிழாளுங்களுக்குன்னே இருக்கற கெரகம். மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி நிக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா பின்னாடி வரும், கல்யாணத்துக்கு அப்பறம் வீட்டுக்காரர் பேரு வேற சேந்துக்கும், தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சில் ரிஜிஸ்டர்ல வேற ஒண்ணு. அங்க ஒக்காந்து பாக்கற வெள்ளக்காரிக்கு இது நாலு பொண்ணு. எல்லாம் ஒரே ஆளுதான்னு நோட்டரிகிட்ட அஃபிடவிட் போட்டு வெச்சுக்கோங்க, முடிஞ்சா பாஸ்போர்ட்டயும் கவுன்சில் பதிவயும் ஒரே மாதிரி ஆக்கிட்டே கெளம்புங்க. நீங்க ஒழுங்கா பதிவுல இருக்கீங்கன்னு கவுன்சில் குடுக்கற வெரிஃபிகேஷன் சென்னையில இருந்து நேரா என்எம்சிக்குப் போகோணும், அதுக்கும் நாள் ஆகும், டிக்கெட் போட்டதுக்கு அப்பறம் ஓடாதீங்க.

இன்னொண்ணு, இத எனக்கு யாருமே சொல்லல. ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கோங்க. டூட்டி முடிஞ்சு பஸ்ல வரப்ப அன்னைக்கு பாத்த ஒரு கேஸ எழுதுங்க, பேஷன்ட் பேரு வேண்டாம், என்ன சீக்கு, என்ன கவனிச்சீங்க, யாருகிட்ட சொன்னீங்க, என்னாச்சு. நாலே வரி. ஒரு வருஷத்துக்கு அப்பறம் இன்டர்வியூல "ஒரு சம்பவம் சொல்லுங்க"ன்னு கேட்டா நம்ம மூளையில ஒண்ணும் நிக்காது, எல்லா நைட் டூட்டியும் ஒரே மாதிரி தெரியும். அந்த நோட்டு என்கிட்ட இல்லாமத்தான் மொத ரெண்டு இன்டர்வியூலயும் முழிச்சேன்.

ரிஜிஸ்ட்ரேஷன் பத்தி வேகமா சொல்லிடறேன், இதுக்கு கோச்சிங் சென்டருங்களே கோயமுத்தூர் காந்திபுரத்துல கூவி கூவி சொல்லித் தராங்க. இங்கிலீஷுக்கு ஐஇஎல்டிஎஸ்ல ரைட்டிங் 6.5, மத்த மூணும் 7, இல்லாட்டி ஆஸ்பத்திரி ஆளுங்களுக்குன்னே இருக்கற ஓஇடிங்கற இங்கிலீஷ் பரீட்சையில ரைட்டிங் சி பிளஸ், மத்த மூணும் பி. பொறவு கம்ப்யூட்டர் பரீட்சை, சிபிடின்னு சொல்லுவாங்க, அத இந்தியாவுலயே எழுதிக்கலாம். அப்பறம் அங்க போயி ஆஸ்கின்னு செய்முறைப் பரீட்சை, 10 ஸ்டேஷன், ஒரு அப்ளிகேஷனுக்கு மூணு சான்ஸ். நான் கட்டுனப்ப அப்ளிகேஷன் 140 பவுண்டு, சிபிடி 83, ஆஸ்கி 794, ரிஜிஸ்ட்ரேஷன் 153, மொத்தம் 1170, நம்ம காசுக்கு ஒரு லட்சத்துக்கு மேல. ஆஸ்கியில நம்மாளுங்க தோக்கறது கை வேலை தெரியாம இல்லீங்க, வாய தொறக்காம. அலர்ஜி இருக்கான்னு கேக்கறது, கையில கட்டுன பேண்ட பாத்து பேரும் பொறந்த தேதியும் சரிபாக்கறது, "இத செய்யலாமுங்களா"ன்னு சம்மதம் கேக்கறது, கை கழுவறது, எல்லாத்தையும் சத்தமா சொல்லிக்கிட்டே செய்யோணும். மனசுக்குள்ள செஞ்சா மார்க் இல்ல.

இப்ப நெலவரம். 5 வருஷத்துக்கு முன்னாடி போன அக்காமாருங்க "எனக்கு ஒரே வாரத்துல கெடச்சுது"ன்னு சொல்லுவாங்க, அது நெசம், அப்ப காலம் அப்படி. 2024ல இருந்து பல என்ஹெச்எஸ் ட்ரஸ்டுங்க, அதாவது அங்கத்த அரசாங்க ஆஸ்பத்திரிங்கள நடத்தற அமைப்புங்க, வெளிநாட்டு ஆளெடுப்ப கொறச்சுட்டாங்க, காசுமில்ல காலியிடமும் கம்மி. அங்கயே காலேஜ் முடிச்ச அந்த ஊரு புள்ளைங்களே வேல கெடைக்காம நின்னு, 2025 ஆகஸ்ட்ல இங்கிலாந்து அரசாங்கம் புதுசா முடிச்சு வர்ற நர்ஸுங்களுக்கு வேல உறுதின்னு ஒரு திட்டமே அறிவிச்சுது. ஆக பேண்டு 5, அதாவது நர்ஸு ஆரம்பிக்கற சம்பளப் படி, அந்த வேல ஒண்ணுக்கு நீங்க போட்டி போடறது அவங்களோடயும்தான். கெடைக்கலீன்னா உங்க மேல குத்தம்னு ராத்திரி ஒக்காந்து அழுகாதீங்க, நான் அழுதுபோட்டேன், ஒரு பிரயோசனமும் இல்ல.

டிபெண்டன்ட் விசாவுல இருக்கறவங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்குங்க. ஸ்பான்சர் தேவையில்ல, யாருகிட்ட வேணா வேல பாக்கலாம். இத அப்ளிகேஷன்ல மொத வரியிலயே தெரியற மாதிரி போடுங்க, இந்திய படிப்புன்னு பாத்ததும் இவளுக்கு விசா செலவு பண்ணோணும்னு நெனைச்சு பின்னாடி தள்ளிரப்போறாங்க. அப்பறம் பெருமை பாக்காம ஹெச்சிஏ வேலைக்கு, அதாவது ஹெல்த்கேர் அசிஸ்டன்ட், பேண்டு 2, பேண்டு 3க்கு போடுங்க. 2025-26 கணக்குல பேண்டு 5 ஆரம்பம் வருஷத்துக்கு 31,049 பவுண்டு, பேண்டு 2 வெறும் 24,465. சம்பளம் கொறச்சல், பெட்பேன் வெக்கோணும், குளிப்பாட்டோணும். எங்கம்மாகிட்ட இத சொல்ல எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, இங்க ஆயாம்மா பாக்கற வேலைய பாக்கவா பி.எஸ்சி. படிச்சேன்னு கேப்பாங்கன்னு. ஆனா உள்ளார போயிட்டா எல்லாமே மாறிருமுங்க. உள்ளூரு ரெஃபரன்ஸ் கெடைக்கும், அவங்க பேச்சு வெளங்கும் (யார்க்ஷயர் கெழவிங்க பேசறது ஐஇஎல்டிஎஸ் கேசட்டுல வராது), வார்டு மேனேஜர் உங்கள கண்ணால பாப்பாங்க. பின் இன்னும் வாங்காதவங்களுக்கு சில ட்ரஸ்டுல ஆஸ்கி பயிற்சியும் பீஸும் அவங்களே பாத்துக்கறாங்க, சேரறப்பவே கேட்டுருங்க. இங்கிலீஷ் ஸ்கோர்ல அரை மார்க்குல தொங்கறவங்களும் சரி, நம்மள மாதிரி இங்கிலீஷ்லயே நர்ஸிங் படிச்சவங்களும் சரி, அங்க ஒரு வருஷம் இந்த மாதிரி வேல பாத்திருந்தா மேனேஜரே எழுதிக் குடுக்கற ஒரு வழி 2023 பிப்ரவரியில இருந்து என்எம்சியில இருக்கு, சைஃப்னு பேரு. பாதி பேருக்கு இது தெரியவே மாட்டேங்குது.

அப்ளிகேஷன். என்ஹெச்எஸ் ஜாப்ஸ், ட்ராக்னு ரெண்டு வெப்சைட்டுல வேல வரும். நான் 41 தடவையும் ஒரே சரக்க காப்பி பேஸ்ட் அடிச்சேன், கடின உழைப்பாளி, நேர்மையானவ, குழுவா வேல பாப்பேன். கல்யாண புரோக்கர்கிட்ட குடுக்கற ஜாதகக் குறிப்பு மாதிரி இருந்துச்சு. அங்க எப்படின்னா ஒவ்வொரு வேலைக்கும் பர்சன் ஸ்பெசிஃபிகேஷன்னு ஒரு தாளு கூடவே இருக்கும், அதுல கட்டாயம் வேணுங்கறது ஒரு பக்கம், இருந்தா நல்லதுங்கறது ஒரு பக்கம். படிக்கறவங்க அந்தத் தாள வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் போடறாங்க, உங்க பேருகூட அப்ப அவங்களுக்குத் தெரியாது. அதனால அதே வரிசையில, அதே வார்த்தைய போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நெசமான உதாரணம் எழுதுங்க. "நோயாளி நெலம மோசமாவறத கண்டுபிடிக்கத் தெரியும்"னு சும்மா எழுதாதீங்க. 32 பெட் ஆம்பளைங்க வார்டு, நைட்ல ரெண்டே நர்ஸு, நிமோனியா கேஸ் ஒருத்தருக்கு விடியக்காலம் 3 மணிக்கு மூச்சு வேகமாச்சு, ஆக்ஸிஜன் கொறஞ்சுது, நான் தலைய தூக்கி வெச்சு ஆக்ஸிஜன் போட்டு டூட்டி டாக்டர எழுப்பி கேஸ் ஷீட்ல நேரத்தோட எழுதி வெச்சேன், காலையில ஐசியூவுக்கு மாத்துனாங்க. இப்படி எழுதுங்க. ஈரோட்டுல ரெண்டு பேரு 32 பெட்ட பாத்தோங்கறது அவங்களுக்கு நம்ப முடியாத விஷயமுங்க, அதப் போயி நாம வெக்கப்பட்டு மறைக்கறோம்.

வேல விளம்பரத்துக்கு அடியில ஒரு பேரும் போன் நம்பரும் இருக்கும், மேல வெவரம் வேணும்னா கூப்பிடுங்க, வந்து வார்ட பாருங்கன்னு. நம்மாளுங்க யாருமே கூப்பிடறதில்ல. எனக்கும் கை நடுங்குச்சு, என்ன பேசோணும்னு கரண்ட் பில்லு பின்னாடி எழுதி வெச்சுக்கிட்டுத்தான் கூப்பிட்டேன். அந்தம்மா 2 நிமிஷம்தான் பேசுனாங்க, வியாழக்கிழமை வாங்கன்னாங்க. போயி அர மணி நேரம் வார்ட சுத்திப் பாத்தேன், எத்தன பெட்டு, என்ன மாதிரி கேஸு, புதுசா வர்ற வெளிநாட்டு நர்ஸுக்கு எத்தன வாரம் கூட ஆளு வெப்பீங்கன்னு மூணு கேள்வி கேட்டேன். 42வது அப்ளிகேஷன் அந்த வார்டுக்குத்தான் போட்டேன்.

இன்டர்வியூல மூணு விஷயம் சுத்திச் சுத்தி வரும். ஒண்ணு, நெலம மோசமாவற பேஷன்ட். இதுக்கு நியூஸ் 2ன்னு அவங்க ஒரு ஸ்கோர் வெச்சிருக்காங்க, நம்மூருல பல எடத்துல இல்ல, மனப்பாடமா இருக்கோணும். எனக்கு குடுத்தது இதான்: மூச்சு நிமிஷத்துக்கு 24, ஆக்ஸிஜன் வெக்காம சாதா காத்துல ஆக்ஸிஜன் அளவு 93, பிபியில மேல் நம்பர் 104, பல்ஸ் 116, காய்ச்சல் 38.4 செல்சியஸ், ஆளு தெளிவா இருக்காரு. கணக்குப் போடுங்க. மூச்சுக்கு 2, ஆக்ஸிஜனுக்கு 2, பிபிக்கு 1, பல்ஸுக்கு 2, காய்ச்சலுக்கு 1, மொத்தம் 8. அஞ்சு வந்தாலே அவசரமா டாக்டர கூப்பிடோணும், 7 இல்லாட்டி அதுக்கு மேல போனா எமர்ஜென்சி டீம். ஸ்கோர் சொன்னதோட நிக்காம செப்சிஸா (கிருமித்தொத்து ஒடம்பு முழுக்க பாதிக்கறது) இருக்கலாம்னு நெனைக்கறேன், இன்னாருகிட்ட இப்படி சொல்லுவேன், அவங்க வரலீன்னா அடுத்த ஆள கூப்பிடுவேன்னு சொல்லி முடிக்கோணும். சொல்றதுக்கு எஸ்பாருன்னு ஒரு முறை இருக்கு, நெலம என்ன, பின்னணி என்ன, நான் என்ன நெனைக்கறேன், உங்ககிட்ட என்ன கேக்கறேன், அந்த வரிசையில.

ரெண்டாவது, "நீங்க பண்ணுன ஒரு தப்ப சொல்லுங்க." மொத இன்டர்வியூல நான் ஜம்பமா "நான் தப்பே பண்ணுனதில்ல"ன்னு சொன்னேன். முடிஞ்சுது கதை. நம்மூருல தப்ப ஒத்துக்கிட்டா மேட்ரன் ரூமுல நிக்க வெச்சு திட்டு, சம்பளத்துல புடிப்பு, அந்தப் பழக்கத்துல வாய் தானா பொய் சொல்லுது. அங்க தப்ப மறைக்கற நர்ஸுதான் ஆபத்துன்னு நெனைக்கறாங்க. சொல்லுங்க, இன்சுலின் டோஸ் மாத்தி எடுத்துட்டேன், போடறதுக்கு முன்னாடி இன்னொரு சிஸ்டர் பாத்து நிறுத்துனாங்க, இன்சார்ஜ்கிட்ட நானே சொன்னேன், அன்னைலருந்து ரெண்டு பேரு பாக்காம இன்சுலின் தொடறதில்லன்னு. அங்கயா இருந்தா டேட்டிக்ஸ்ங்கற தப்புகள பதியற கம்ப்யூட்டர் சிஸ்டத்துல பதிவேன், பேஷன்டுக்கு பாதிப்புன்னா அவங்ககிட்டயே நேரா சொல்லி மன்னிப்பு கேப்பேன்னும் சேருங்க.

மூணாவது நமக்கு கஷ்டமானது. டாக்டர் தப்பான டோஸ் எழுதிட்டாரு, நீங்க கேட்டும் போடுங்கறாரு, என்ன பண்ணுவீங்க? "சரிங்க டாக்டர்"ன்னே வளந்தவங்க நாம. பதில், போட மாட்டேன், ஏன்னு மரியாதையா சொல்லுவேன், ஃபார்மசிஸ்டயும் நர்ஸ் இன்சார்ஜயும் கேப்பேன், எழுதி வெப்பேன். இத வீட்டுல கண்ணாடி முன்னாடி நாலு தடவ சொல்லிப் பாருங்க, மொத தடவ நாக்கு ஒத்துழைக்காது.

இப்ப இங்கயே இருக்கறவங்களுக்கு. அரை ஏக்கரா அப்பாவுக்கு நான் சொன்னது: வயசானவங்க, முடியாதவங்கள பாத்துக்கற கேர் வொர்க்கர் விசாவுல வெளிநாட்டுல இருந்து புதுசா ஆளு எடுக்கறத இங்கிலாந்து 2025 ஜூலை 22ல இருந்து நிறுத்திருச்சு, இன்னும் கோயமுத்தூருல ஒருத்தர் அத விக்கறாருன்னா அது மோசடி. நர்ஸ் வேலைக்கே ஸ்பான்சர்ஷிப் தரேன்னு காசு கேட்டாலும் அங்க அப்படி வாங்கவே கூடாது, என்ஹெச்எஸுக்கு ஆள் எடுக்கற முறையான ஏஜென்சி உங்ககிட்ட ஒரு ரூபா வாங்காது. நம்ம நாட்டு சட்டப்படியும் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜா வாங்கலாங்கறது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், லைசென்ஸ் இருக்கான்னு இந்திய அரசாங்கத்தோட இமைக்ரேட் சைட்டுல பாத்துக்கலாம். சென்னை கிண்டியில தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, 1978ல ஆரம்பிச்சது, நர்ஸுங்களுக்கு அப்பப்ப அறிவிப்பு போடுவாங்க, அதுல பதிஞ்சு வெச்சுக்கோங்க. பெருந்துறை புள்ளைக்கு ஐசியூ 2 வருஷம் முடியட்டும்னு சொன்னேன், அதுக்குள்ள கல்ஃபுக்கான டேட்டாஃப்ளோ (சர்டிபிகேட் சரிபாக்கறது), ப்ரோமெட்ரிக் (கம்ப்யூட்டர் பரீட்சை) முடிச்சா ஒரு கதவு தொறந்திருக்கும். ஜெர்மனின்னா பி2ங்கற லெவல் வரைக்கும் பாஷை படிக்கோணும், கேரளாக்காரங்களுக்கு அவங்க அரசாங்கத்தோட நார்க்கா மூலமா காசில்லாம ட்ரிபிள் வின்ங்கற திட்டத்துல போற வழி இருக்கு. நியூசிலாந்து மட்டும் "ரிஜிஸ்ட்ரேஷன் சுலபம்"னு கடன் வாங்கிட்டுப் போயிராதீங்க, அப்படிப் போயி பரீட்சையும் பாஸ் பண்ணி வேல கெடைக்காம நின்னவங்க 2024ல ஏகப்பட்ட பேரு.

நர்ஸிங் ஹோம்ல (அங்க அது வயசானவங்கள தங்க வெச்சு பாத்துக்கற எடம்) வேல வந்தா எடுத்துக்கலாமான்னு மான்செஸ்டர் பொண்ணு கேட்டா. எடுத்துக்கலாம், பின்னோட கவுரவமான நர்ஸ் வேலதான், ஆனா ஆஸ்பத்திரிதான் வேணும்னா அங்கயே வருஷக்கணக்கா ஒக்காந்துராதீங்க, ஆளு தேவைப்படறப்ப மட்டும் கூப்பிடற ட்ரஸ்ட் பேங்குங்கற பட்டியல்ல சேந்து வாரம் ஒரு ஷிப்டாவது பாத்து கை பழக்கத்த விடாதீங்க. காண்ட்ராக்ட்ல பாதியில விட்டா இத்தன ஆயிரம் கட்டோணும்னு இருக்கான்னு கடைசி பக்கம் வரைக்கும் படிங்க.

ஆஃபர் வந்தப்பறமும் ரெண்டு மாசம் ஓடும். 3 வருஷத்து ரெஃபரன்ஸ், டிபிஎஸ்ங்கற போலீஸ் செக்கிங், அப்பறம் ஆக்குபேஷனல் ஹெல்த். ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி அளவு, அம்மை தடுப்பூசி, டிபி எல்லாம் கேப்பாங்க. நான் ஊசி போட்டதுக்கு ஆதாரமே இல்லாம மறுபடி மொதல்ல இருந்து போட்டு ஆறு வாரம் போச்சு, நீங்க ஈரோட்டுலயோ கோயமுத்தூருலயோ லேப்ல எடுத்து இங்கிலீஷ் ரிப்போர்ட்டோட கொண்டு போங்க. சேர்ந்த மொத சில வாரம் சூப்பர்நியூமரரின்னு கூட ஒரு ஆளோடதான் விடுவாங்க. நம்ம கை சும்மா இருக்காது, ட்ரிப்ஸ் லைன் போட கண்ண மூடிட்டு செய்வோம், ஆனா அங்க வெயின்ஃப்ளான்ங்கற ஊசிக்குழாய் போடறதுக்கும் நரம்பு வழியா குடுக்கற ஐவி மருந்துக்கும் அந்த ஆஸ்பத்திரியில தனியா கோர்ஸ் முடிச்சு கையெழுத்து வாங்கற வரைக்கும் தொடக்கூடாது. நான் மொத நாளே டிரேய எடுத்துட்டேன், பக்கத்துல இருந்த சிஸ்டர் மெதுவா கைய புடிச்சு கீழ வெச்சாங்க.